வெறும் வயிற்றில்

ஏழு மாதம், ஒரு நாள் விடாமல், என் தம்பிக்குக் கொத்தமல்லிச் சாறு அரைத்துக் கொடுத்தேன். விடிவதற்கு முன் எழுந்து, தழையை நாலைந்து தண்ணீரில் அலசி, அரைத்து, வடிகட்டி, எலுமிச்சை பிழிந்து, அவன் வண்டிச் சாவியை எடுக்கும் நேரத்தில் கையில் கொடுப்பேன். "வெறும் வயித்துல குடிடா, அப்பதான் உள்ள இருக்குறதை எல்லாம் இழுத்துட்டு வரும்" என்பேன். அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்துவிட்டு, வேறு எதுவும் சாப்பிடாமல் கிளம்புவான். சாறு குடித்து ஒரு மணி நேரத்துக்கு வயிற்றில் எதுவும் விழக் கூடாது என்பதும் நான் எங்கோ படித்து மனதில் எழுதி வைத்திருந்த விதி. அந்த ஒரு மணி நேரம் முடியும்போது அவன் பட்டறையில் இருப்பான்.

பழைய பேட்டரிகளைப் பிரிக்கும் பட்டறை அது. வண்டி பேட்டரி, இன்வெர்ட்டர் பேட்டரி எல்லாம் அங்கே வந்து குவியும். மேல்மூடியை அறுத்து, அமிலத்தை வடித்து, உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளை உருவி, உலையில் போட்டு உருக்கிக் கட்டிகளாக வார்ப்பார்கள். பதினோரு வருடமாக அவனுக்கு அதுதான் வேலை. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தான். மலச்சிக்கல், தலைவலி, மூட்டு வலி, வாயில் எப்போதும் இரும்பைச் சப்பியது போல ஒரு ருசி. அதற்கு வெகு முன்பிருந்தே சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழ ஆரம்பித்திருந்தான். அதை நாங்கள் அவன் குணம் என்று எடுத்துக்கொண்டோம்; கல்யாணத்துக்குப் பிறகு ஆளே மாறிவிட்டான் என்றுகூடப் பேசினோம். அல்சருக்கு மருந்து கொடுத்துப் பார்த்து எதுவும் கேட்காமல் போன பிறகு, ஒரு டாக்டர்தான் "என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார். உடனே ரத்தத்தில் ஈயம் பார்க்கச் சொன்னார். ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 42 மைக்ரோகிராம். யாராக இருந்தாலும் அந்த அளவு 5-ஐ எட்டினாலே, ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடி அதை நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

வேலையை விடு என்று சொல்ல எங்களால் முடியவில்லை. வீட்டுக் கடன் இருந்தது, மூன்று வயதில் பாப்பா இருந்தாள், அவனுக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான். என் கையில் இருந்தது அடுப்பும் மிக்ஸியும்தான். ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு போனை வைத்துக்கொண்டு தேடித் தேடிப் படித்தேன். மாசிலிருந்து உடலைக் காக்கும் பத்து உணவுகள், நச்சை அடியோடு வெளியேற்றும் ஏழு மூலிகைகள் என்று எங்கு பார்த்தாலும் பட்டியல். ஈயம் என்று போட்டால் முதலில் வந்து நிற்பது கொத்தமல்லி, அடுத்தது பூண்டு. ரத்தத்தைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி விற்ற ஒரு மூலிகைப் பொடியையும் வாங்கினேன். சாறு காலையில், பச்சைப் பூண்டு நாலு பல் இரவில், பொடி படுக்கும் முன். வீட்டில் எல்லோருக்கும் ஒரு தெம்பு வந்தது. ஏதோ ஒன்று செய்துகொண்டிருக்கிறோம் என்ற தெம்பு. அவனும் என் மனது நோகக் கூடாது என்று எல்லாவற்றையும் வாய் திறக்காமல் விழுங்கினான்.

ஏழு மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்த்தோம். 47.

தொழில்வழி வரும் நோய்களைப் பார்த்துப் பழகிய வேறு ஒரு டாக்டரிடம் அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு போனோம். என்ன மருந்து எடுக்கிறார் என்று கேட்டதும் நான் முந்திக்கொண்டு என் பட்டியலை ஒப்பித்தேன். அவர் குறுக்கே பேசவில்லை. முடிந்ததும், "காலைல என்ன சாப்பிடுறார்?" என்றார். "சாறுதான் டாக்டர்." "அது சரி. சாப்பாடு?" "பதினோரு மணிக்கு அங்கேயே சாப்பிட்டுடுவான்." "அங்கேயேன்னா எங்க?" இப்போது தம்பி பேசினான். "உலைக்குப் பின்னாடி ஒரு திட்டு இருக்கு மேடம். அங்க உக்காந்து சாப்பிடுவோம்." "கை?" "கழுவிட்டுத்தான் மேடம். தண்ணில." "சோப்பு?" அவன் பதில் சொல்லவில்லை. டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். கோபமே இல்லாத குரல். "நீங்க கொடுத்த மல்லியில தப்பு ஒண்ணும் இல்லம்மா. ஆனா தினமும் நாலு மணி நேரம் இவரை வெறும் வயிறா ஈயத்துக்குள்ள அனுப்பியிருக்கீங்க. ஈயம் உடம்புல ஏறுறதுக்கு அதைவிட வசதி வேற கிடையாது."

அந்த வாக்கியம் இன்னும் என்னை விடவில்லை. அவனுக்காக என்று நான் செய்த ஒரு காரியம் அவன் காலைச் சாப்பாட்டைப் பிடுங்கிக்கொண்டது. அந்தச் சாப்பாடுதான் அவனிடம் இருந்த ஒரே தடுப்பு.

கதவு

அன்று அவர் ஒரு காகிதத்தில் குடலைப் படம் போட்டு விளக்கினார். அப்புறம் நானும் நிறையப் படித்தேன். மனித உடலுக்கு ஈயம் எதற்கும் தேவையில்லை, அதனால் அதை உள்ளே எடுத்துக்கொள்வதற்கென்று உடலில் தனி வழி எதுவும் இல்லை. இரும்புக்கும் கால்சியத்துக்கும் இருக்கும் வழிகளில்தான் அது நுழைகிறது. குடலின் சுவரில் இரும்பைத் தூக்கி உள்ளே கொண்டுபோகும் ஒரு புரதம் இருக்கிறது. ஈயம் வந்து நின்றால் அதையும் இரும்பு என்று எண்ணித் தூக்கிவிடும். உடம்பில் இரும்பு குறைந்தால், கிடைக்கிற கொஞ்சத்தையாவது பிடித்துக்கொள்ளலாம் என்று உடல் அந்தப் புரதத்தை இன்னும் அதிகமாக உண்டாக்கும். ரத்தசோகை உள்ளவரின் குடலில் ஈயத்துக்குக் கதவுகள் கூடுதலாகத் திறந்திருக்கும் என்பது இதனால்தான். கால்சியம் குறைவாக இருந்தாலும் கிட்டத்தட்ட இதே கதை. கேட்மியம் என்ற இன்னொரு உலோகமும் இரும்பின் வழியைத்தான் பிடித்துக்கொள்கிறது. ஒரு முறை சிறுநீரகத்தில் போய்த் தங்கிவிட்டால் அதில் பாதி வெளியேறவே பத்து முதல் முப்பது வருடம் ஆகும்.

என்னை உலுக்கிய கணக்கு இனிமேல் வருவது. பெரியவர்கள் சாப்பிட்ட கையோடு கொஞ்சம் ஈயம் வயிற்றுக்குள் போனால், அதில் ஏறக்குறைய 6 சதவீதம்தான் ரத்தத்தில் சேர்கிறது. ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாத வயிற்றில் அதே ஈயம் விழுந்தால் 60 முதல் 80 சதவீதம் வரை சேர்கிறது. தூசி ஒன்றுதான், ஆளும் ஒன்றுதான், வயிறு மட்டும் வேறு. தம்பி ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடக்கவில்லை, ராத்திரி சாப்பிட்டுத்தான் படுத்தான். ஆனாலும் காலையில் அவன் பட்டறைக்குள் நுழையும்போது வயிற்றில் பத்து மணி நேரமாக எதுவும் இல்லை. அந்த நேரத்தில் உதட்டில் படிந்த தூசி, பீடி பிடித்த விரல், முகத்தைத் துடைத்த துண்டு, எல்லாவற்றிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனது. மூச்சில் போகும் புகையை எந்தச் சாப்பாடும் தடுக்காது என்பதையும் டாக்டர் அழுத்திச் சொன்னார். நுரையீரலுக்குள் நுண்ணிய துகளாகப் போவது அங்கிருந்து நேரே ரத்தத்துக்குப் போய்விடும்.

உள்ளே போனது என்ன ஆகிறது என்பதையும் நான் தப்பாகவே புரிந்துவைத்திருந்தேன். ஈயம் ரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது, சரியான மூலிகை கிடைத்தால் அள்ளி வெளியே போட்டுவிடும் என்று நினைத்தேன். ரத்தத்தில் இருப்பது ஒரு மாத அளவில் பாதியாகும், உண்மைதான். ஆனால் பெரியவர்கள் உடம்பில் இருக்கும் ஈயத்தில் 90 சதவீதத்துக்கு மேல் எலும்பில் போய் உட்கார்ந்திருக்கிறது, கால்சியம் இருக்க வேண்டிய இடத்தில், வருடக்கணக்காக. அதைத் தொட்டுப் பார்க்கக்கூட என் டம்ளர் சாற்றால் முடியாது. உணவைத் துடைப்பம் என்று நம்பியிருந்த எனக்கு, அது வாசலில் உட்கார்ந்திருக்கும் காவல் என்று அந்தக் காகிதப் படத்தைப் பார்த்துத்தான் புரிந்தது. கதவு வழியாக இரும்பும் கால்சியமும் வரிசை கட்டி நின்றால் ஈயத்துக்கு இடம் குறையும். அந்த இடத்தைக் காலியாக வைத்து அவனை வழியனுப்பியவள் நான்.

மறுநாளிலிருந்து அவன் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் வெளியே காலெடுத்து வைத்தான். முட்டை, பால், கீரை, பயறு, கூடவே வைட்டமின் சி உள்ள ஒரு பழம். பயறிலும் கீரையிலும் இருக்கும் இரும்பைக் குடல் எடுத்துக்கொள்ள அது உதவும். அதிசய மூலிகை எதுவும் அந்தத் தட்டில் இல்லை. ரத்தத்தைச் சுத்தம் செய்யும் பொடியை டாக்டர் நிறுத்தச் சொன்னார். அமெரிக்காவில் இணையத்தில் விற்கப்பட்ட 193 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்து 2008-ல் வெளியான ஆய்வில், ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தது. சில வகைகளில் உலோகத்தை வேண்டுமென்றே பக்குவம் செய்து சேர்ப்பார்கள். ஈயம் ஏறிய ஒருவருக்கு என்ன இருக்கிறது என்று தெரியாத ஒரு பொடியைத் தினமும் கொடுத்துவந்தேன் என்பதை இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

பூண்டுக்கு ஒரு நியாயம்

கோபத்தில் எல்லாவற்றையும் பொய் என்று தள்ளிவிட இருந்தேன். அது தப்பு. மூலிகைக்கும் உணவுக்கும் சொல்லிக்கொள்ளும்படியான சான்று இருக்கிற இடங்கள் உண்டு. அவற்றைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

பூண்டையே எடுத்துக்கொள்வோம். ஈரானில் கார் பேட்டரித் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த 117 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்து 2012-ல் வெளிவந்தது. என் தம்பி போன்றவர்கள்தான். ஒரு பாதிக்குப் பூண்டு மாத்திரை, இன்னொரு பாதிக்கு உலோகத்தைப் பிடித்து வெளியேற்றும் பெனிசிலமைன் என்ற மருந்து, நாலு வாரம். இரண்டு பக்கமும் ரத்த ஈயம் குறைந்தது. பூண்டு சாப்பிட்டவர்களுக்குத் தலைவலியும் எரிச்சலும் குறைந்ததாகவும் பதிவு செய்திருக்கிறார்கள். படித்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் இரண்டில் எதையும் எடுக்காத மூன்றாவது குழு ஒன்று அந்த ஆய்வில் கிடையாது, காலமும் நாலே வாரம். அதனால் பூண்டை நான் கைவிடவில்லை, சமையலில் தாராளமாகச் சேர்க்கிறேன். அதன் மேல் முழுப் பாரத்தையும் ஏற்றுவதைத்தான் நிறுத்திவிட்டேன். கொத்தமல்லிக்கு அந்த அளவுக்குக்கூட ஆதரவு கிடைக்கவில்லை. ஈயம் ஏறிய சிறு குழந்தைகளுக்கு மல்லிச் சாறு கொடுத்துப் பார்த்தபோது, மல்லி இல்லாத போலி மருந்து குடித்த குழந்தைகளைவிட அவர்களுக்குக் கூடுதலாக எதுவும் நடக்கவில்லை.

எல்லாவற்றிலும் எனக்கு நம்பிக்கையாகப் பட்டது சீனாவில் சிடோங் என்ற இடத்தில் நடந்தது. காற்று மோசமாக இருக்கும் பகுதி. 291 பேருக்கு 12 வாரம் தினமும் ஒரு பானம். பாதிப் பேருடையதில் ப்ரோக்கோலி முளைச்சாறு கலந்திருந்தது, மீதிப் பேருக்கு அது இல்லாத அதே பானம். முளை குடித்தவர்களின் சிறுநீரில் பென்சீனின் கழிவு 61 சதவீதமும், அக்ரோலீனின் கழிவு 23 சதவீதமும் அதிகமாக வெளியேறியது. சிகரெட் புகையிலும் வாகனப் புகையிலும் இருக்கும் நச்சுகள் இவை. ஆய்வு 2014-ல் வெளியானது. அந்த முளையில் இருக்கும் சல்ஃபோராஃபேன் என்ற பொருளை 1992-ல் பால் தலாலே என்பவரின் ஆய்வுக்கூடம் பிரித்துக் காட்டியிருந்தது. அது நச்சைப் போய்ப் பிடித்து இழுப்பதில்லை. நம் செல்களுக்குள் ஏற்கெனவே இருக்கும் சுத்திகரிப்பு நொதிகளை முடுக்கிவிடுகிறது, வேலையை உடம்பே செய்துகொள்கிறது. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, கடுகு எல்லாம் அதே குடும்பம்தான். அதிகம் வேகவைத்தால் அந்தப் பொருள் உண்டாவதற்கு வேண்டிய நொதி அழிந்துபோகிறது. வெந்த காயின் மேல் கொஞ்சம் பச்சைக் கடுகுப் பொடி தூவினால் அந்தக் குறை பெருமளவு சரியாகும். இது எனக்குப் பிடித்த தகவல், இப்போது எங்கள் வீட்டுப் பழக்கமும்கூட. இருந்தாலும் கழிவு அதிகம் வெளியேறியது என்பதும் நோய் குறைந்தது என்பதும் ஒன்றல்ல. அந்த இரண்டாவது விஷயத்தை அந்த ஆய்வு அளக்கவில்லை. ஈயம் ஓர் உலோகம் என்பதால் இந்த நொதிகள் பென்சீனைப் பிரிப்பது போல அதைப் பிரிக்கவும் முடியாது. எந்த நச்சு என்று கேட்காமல் 'நச்சு நீக்கும்' என்று ஒரே வார்த்தையில் சொல்லும்போதே நாம் வழி தவறிவிடுகிறோம்.

காயில் நல்லது இருக்கிறதே, அதைப் பிழிந்து மாத்திரையாக்கினால் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. காரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டினை ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்கு மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 29,133 பேர் கலந்துகொண்ட பெரிய ஆய்வு, 1994-ல் முடிவு வந்தது. அந்த மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக வந்திருந்தது. புகைபிடிப்பவர்களையும் ஆஸ்பெஸ்டாஸில் வேலை செய்தவர்களையும் வைத்து, பீட்டா கரோட்டினோடு வைட்டமின் ஏ-யும் சேர்த்துக் கொடுத்து அமெரிக்காவில் நடந்த இன்னொரு ஆய்வில் 28 சதவீதம் அதிகம். 1996 ஜனவரியில் மாத்திரையைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். நுரையீரல் அடிபட்டிருந்த, காப்பாற்ற வேண்டிய மனிதர்கள் அவர்கள்தான். காரட் சாப்பிடுவதை யாரும் குறை சொல்லவில்லை. அந்த மாத்திரைதான் கெடுத்தது.

சட்டை

டாக்டர் அன்று கேட்ட இன்னொரு கேள்வியை நான் இன்னும் சொல்லவில்லை. "வேலைச் சட்டையை யார் துவைக்கிறாங்க?" தம்பி மனைவி. எல்லோர் துணியோடும் சேர்த்து, ஒரே மிஷினில். அவன் வீட்டுக்குள் வந்ததும் பாப்பா ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்வாள், அவன் அதே சட்டையோடு தூக்கிக் கொஞ்சுவான். டாக்டர் அடுத்த வாரம் எல்லோரையும் ரத்தம் பார்க்கச் சொன்னார். எனக்கு 4, அவன் மனைவிக்கு 7, பாப்பாவுக்கு 9.

அந்த 9-ஐப் பார்த்த பிறகு வீட்டில் இரண்டு நாள் யாரும் சரியாகப் பேசவில்லை. அமெரிக்காவில் 3.5-ஐத் தாண்டினாலே அந்தக் குழந்தையைத் தனியாகக் கவனிக்கச் சொல்கிறார்கள். விழுங்கும் ஈயத்தில் பாதியளவு வரை சின்னக் குழந்தைகளின் உடம்பில் சேர்ந்துவிடும், அது வளரும் மூளையில்தான் போய் வேலையைக் காட்டும். நாங்கள் தம்பி உடம்பில் இருந்த ஈயத்தை வெளியே எடுக்க ஏழு மாதம் போராடிக்கொண்டிருந்தோம். அதே ஈயம் அவன் சட்டையிலும் செருப்பிலும் தலைமுடியிலும் ஏறித் தினமும் சாயங்காலம் வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. பாப்பாவுக்கு இரும்புச் சத்தும் குறைவாக இருந்தது. கதவு திறந்துதான் இருந்தது.

அதற்குப் பிறகு செய்ததெல்லாம் சாதாரண வேலைகள். வேலை உடையும் செருப்பும் பட்டறையிலேயே நின்றுவிட வேண்டும், அங்கேயே குளித்து மாற்று உடையில் வர வேண்டும். அதுவரை வேலைத் துணியைத் தனியாக, கடைசியில் துவைத்தோம். தரையைப் பெருக்குவதை நிறுத்தி ஈரத் துணியால் துடைத்தோம், பெருக்கினால் தூசி எழும்பித் திரும்பப் படியும். பாப்பா கையைச் சாப்பாட்டுக்கு முன் சோப்புப் போட்டுக் கழுவுவது, அவள் விளையாட்டுச் சாமான்களைக் கழுவுவது, டாக்டர் எழுதிக் கொடுத்த இரும்பு மருந்து, வேளைக்குச் சாப்பாடு. எட்டு மாதத்தில் அவள் அளவு 4-க்கு வந்தது. அதில் இரும்பு மருந்துக்கு எவ்வளவு பங்கு, சட்டைக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் சட்டையை அப்படியே விட்டுவிட்டு இரும்பை மட்டும் கொடுத்திருந்தால் நடந்திருக்காது என்று அடித்துச் சொல்வேன்.

பாலும் பெக்டினும்

சோவியத் ஒன்றியத்தில் கேடு தரும் வேலை செய்பவர்களுக்கு ஒரு ஷிஃப்டுக்கு அரை லிட்டர் பால் தரும் விதி இருந்தது. ஈயத்தோடு வேலை செய்பவர்களுக்குப் பெக்டினும் உண்டு, நாளுக்கு 2 கிராம். ஆப்பிள், ஆரஞ்சு மாதிரிப் பழங்களில் இருக்கும், கரையும் நார்தான் பெக்டின். இதைப் படித்தபோது எனக்கு ஒரே சமயத்தில் இரண்டு விதமாகத் தோன்றியது. அந்த விதியை எழுதியவருக்குக் குடல் கதவைப் பற்றிக் கொஞ்சமாவது தெரிந்திருக்கிறது, பாலில் கால்சியம் இருக்கிறதே என்று ஒரு மரியாதை வந்தது. அடுத்த நொடியே வருத்தமும் வந்தது. புகையை உறிஞ்சி வெளியேற்றும் கூண்டு ஒன்றை உலைக்கு மேல் வைப்பதற்குச் செலவு அதிகம், வேலையாளுக்குப் பால் கொடுப்பது மலிவு. பாலைக் கொடுத்துவிட்டால் ஏதோ செய்துவிட்ட நிம்மதி எல்லோருக்கும் வந்துவிடும். அந்த நிம்மதி எனக்கு நன்றாகத் தெரியும், ஏழு மாதம் அதில்தான் இருந்தேன். உலோகத்தை வெளியேற்றும் மருந்துக்கே இந்த ஆபத்து உண்டு. ஈயத்தில் வேலை வாங்கிக்கொண்டே தடுப்புக்காக அந்த மருந்தைக் கொடுத்துவருவதை அமெரிக்கத் தொழிலகப் பாதுகாப்பு விதி நேரடியாகவே தடை செய்திருக்கிறது.

வங்கதேசத்தில் நடந்தது இதற்கு நேர் எதிரான கதை. மஞ்சள் நல்ல நிறமாகத் தெரிய வேண்டும் என்று அங்கே சில ஆலைகளில் லெட் குரோமேட் என்ற மஞ்சள் சாயத்தைப் பூசினார்கள், அதில் இருப்பது ஈயம். மாசுக்கு மருந்து என்று உலகம் முழுக்கப் பட்டியல் போடும் அதே மஞ்சளில் ஈயம். 2019-ல் ஆய்வாளர்கள் அதை வெளியே கொண்டுவந்தார்கள். அரசு ஆலைகளையும் சந்தைகளையும் சோதித்தது, அபராதம் போட்டது, பத்திரிகைகளில் எச்சரித்தது. 2019-ல் 47 சதவீத மாதிரிகளில் இருந்த ஈயம் 2021-ல் ஒரு மாதிரியில்கூட இல்லை. மஞ்சள் ஆலைகளில் வேலை செய்தவர்களின் ரத்த ஈயம் 30 சதவீதம் இறங்கியது. எந்த மூலிகையாலும் இவ்வளவு பேருக்கு இவ்வளவு சீக்கிரம் இதைச் செய்ய முடிந்ததில்லை. பெட்ரோலில் ஈயம் கலந்த காலத்தில், 1976 முதல் 1980 வரை எடுத்த அமெரிக்கக் கணக்குப்படி அங்கே ஐந்து வயது வரையிலான குழந்தைகளின் சராசரியே 15 மைக்ரோகிராம். இப்போது 1-க்கும் கீழே. அந்தக் குழந்தைகள் யாரும் சாறு குடித்து அங்கே வந்து சேரவில்லை.

இதையே ஆர்சனிக் விஷயத்திலும் பார்க்கலாம். அதே வங்கதேசத்தில், ஆர்சனிக் கலந்த கிணற்று நீர் குடித்த, ஃபோலேட் குறைவாக இருந்த 200 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. அவர்களில் 12 வாரம் தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்தவர்களுக்கு ரத்தத்தில் இருந்த ஆர்சனிக் சுமார் 14 சதவீதம் குறைந்தது. உடம்பு ஆர்சனிக்கை மாற்றி வெளியே தள்ளுவதற்கு ஃபோலேட் வேண்டியிருக்கிறது. கீரையிலும் பயறிலும் அது உண்டு. 14 சதவீதத்தை நான் அலட்சியமாகப் பேச மாட்டேன், அது ஒரு மனிதருக்குப் பெரிய விஷயம். ஆனால் அந்த மாத்திரை மீதி 86-ஐத் தொடவில்லை. அதற்கு வேறு கிணறு வேண்டும்.

எங்கள் கதையில் வேறு கிணறு சீக்கிரம் கிடைக்கவில்லை. தம்பியின் சீட்டைப் பார்த்து இன்னும் மூன்று பேர் ரத்தம் பார்த்தார்கள், நாலு பேருமாகச் சேர்ந்து சீட்டுகளோடு முதலாளியிடம் போனார்கள். முதலில் சோப்பும் தண்ணீரும் வந்தது. அப்புறம் சாப்பிடுவதற்குத் தனி அறை, துணி மாற்ற ஒரு இடம். உலை மேல் புகைக்கூண்டு வருவதற்கு ஒரு வருடம் ஆனது. தம்பி இப்போது உலைப் பக்கம் இல்லை, வரும் சரக்கை எடை போட்டுக் கணக்கு எழுதுகிறான். 47 முதலில் 31 ஆனது, போன முறை 22. எலும்பில் இருப்பது மெல்ல மெல்ல ரத்தத்துக்கு வந்துகொண்டே இருக்கும், அதனால் இதற்கு மேல் வேகம் எதிர்பார்க்கக் கூடாது என்கிறார் டாக்டர். எரிந்து விழுவது குறைந்திருக்கிறது.

அவன் மனைவிக்கு இது ஆறாவது மாதம். கர்ப்பத்திலும் பால் கொடுக்கும்போதும் குழந்தைக்காக எலும்பிலிருந்து கால்சியம் கரைந்து வரும், கூடவே அங்கே ஒளிந்திருக்கும் ஈயமும் வரும். இத்தனை வருடம் அந்தச் சட்டைகளைத் துவைத்தவள் அவள். மெக்சிகோவில் கர்ப்பிணிகளுக்குத் தினமும் 1,200 மில்லிகிராம் கால்சியம் கொடுத்துப் பார்த்ததில் அவர்கள் ரத்தத்தில் ஈயம் சராசரியாக 11 சதவீதம் குறைந்திருந்தது. அதனால் டாக்டர் அவளுக்கு எழுதிக் கொடுத்ததை நான் எண்ணி எண்ணி எடுத்துத் தருகிறேன். இரும்பு மாத்திரை மதியம், கால்சியம் இரவு. இரண்டும் சேர்ந்து உள்ளே போனால் கால்சியம் இரும்பை மறித்துவிடும். இந்த மாத அளவு 5. அடுத்த பரிசோதனை எட்டாவது மாதத்தில்.